பிளவக்கலுக்கு ஒரு தோட்ட வாரியம்

கான்சாபுரத்து உழவர்க்குப் பிளவக்கல் என்றால் மதகு. மதகு திறந்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் நடவு உண்டு. விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரு காட்டாறுகளை மறித்து 1970-களில் எழுப்பப்பட்ட அணைகளே பிளவக்கல். அணைக்கரையில் ஒரு பூங்காவும் உண்டு என்பதை விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்றோர் மட்டுமே அறிந்திருந்தனர். 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அந்நிலை சில நாள்களிலேயே மாறிற்று. அண்டை ஊரான கூமாபட்டியின் இளைஞர் ஒருவர் தம்மூர் நீரையும் வயலையும் புகழ்ந்து வெளியிட்ட சிறு காணொளிகள் தமிழகமெங்கும் பரவின. எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்தன. வந்தவர்களிடம், அணையில் இறங்கிக் குளிக்கத் தடையென்று சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னர் அணைப் பூங்காவை மேம்படுத்த ரூ.10 கோடி என்னும் அரசின் அறிவிப்பும் வந்தது.

அறிவிப்பை நாம் வரவேற்கிறோம். மாவட்டத் தலைநகரிலிருந்து எட்டிக் கிடக்கும் ஒரு மலையடிவாரத்துக்குப் பத்துக் கோடி என்பது சிறு தொகையன்று. தம்மூரைப் புகழ்ந்த அவ்விளைஞரும் நன்றிக்குரியவரே. ஆயினும் பணம் வந்த வழியை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பூங்கா நேற்று முளைத்ததன்று. அரசின் நிலத்தில், அரசின் வேலிக்குள், ஆண்டுக்கணக்காக இருந்தது. தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு பூங்காவின் நடைபாதை, ஊஞ்சல், குடிநீர்க் குழாய், கழிப்பிடம், மரங்கள் ஆகியவற்றின் நிலையை ஆண்டுதோறும் எழுதி, எது முதலில், எது பிறகு என வரிசைப்படுத்தி வைத்திருக்கும் துறைக்குக் காணொளி வந்து நினைவூட்ட வேண்டியதில்லை. அத்தகைய பதிவேடு நம் நாட்டில் அரிது. அதனால்தான் கூட்டம் சேர்ந்த இடத்துக்குப் பணம் போகிறது. சேராத இடத்தில் இராட்டினம் துருப்பிடிக்கிறது. திட்டமிடல் என்னும் சொல்லுக்கு நம் அலுவலகங்களில் வழங்கும் பொருள், வந்த பணத்தை எவ்வாறு செலவிடுவது என்பதே. என்ன வேண்டும் என்பதைக் கண்டறிந்து பணம் கேட்பதே திட்டமிடல் என்னும் பொருளை மறந்து நெடுங்காலமாயிற்று.

அறிவிப்புக்கும் முதற்கல்லுக்கும் இடையே நீண்டதொரு தாள்வழி உண்டு. அரசாணை வாயிலாக நிர்வாக ஒப்புதல் வரும். அணையைப் பேணுவது நீர்வளத்துறை. 2021 வரை பொதுப்பணித் துறையின் ஓர் அங்கமாக இருந்தது. விருதுநகரில் அமைந்த வைப்பாறு வடிநிலக் கோட்டத்தின் பொறியாளர்கள் இடத்தை அளந்து, விலைவீதப் பட்டியலை அருகில் வைத்து மதிப்பீடு வரைவார்கள். அம்மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் பெறவேண்டும். அதன்பின் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2000-இல் வந்தன. இரண்டு கோடி ரூபாய்வரையிலான பணிக்குப் புள்ளி அளிக்கக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தரவேண்டும் என்பது விதி. தகுதியைக் காட்டும் உறை ஒன்று, விலையைக் காட்டும் உறை மற்றொன்று என இரண்டு உறைகள். தகுதி உறையில் தேறியவரின் விலையுறை மட்டுமே பிரிக்கப்படும். பிரித்தபின், குறைந்த விலை சொன்னவரோடு மட்டுமே விலைபேசலாம். மற்றவரைக் கூப்பிட்டுப் பேசுதல் ஆகாது.

இச்சட்டத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. செவிவழியாகப் பரவி, அறைக்குள் முடிந்த பேரங்களை இது அறிவிப்புப் பலகைக்கும், பின்னர் மின்கொள்முதல் தளத்துக்கும் கொண்டுவந்தது. குறைந்த விலையையே ஏற்கச் சொல்லும் சட்டத்தால் தரம் கெடுகிறது என்று கூறுவோர் பலர். அவர்கள் சட்டத்தை முழுதும் படிக்கவில்லை. முன்கூட்டி அறிவித்த அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிட்ட பின் எது குறைந்ததாக நிற்கிறதோ அதனையே அது ஏற்கச் சொல்கிறது. அளவுகோலை எழுதுபவர் துறையினர். தோட்டம் வளர்த்துப் பழகியவராக இருக்கவேண்டும் என்று அவர்கள் எழுதலாம். ஐந்தாண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்று எழுதலாம். எழுதாமல் விட்டுவிட்டுச் சட்டத்தைப் பழிப்பது, உலையில் அரிசி இடாமல் அடுப்பைப் பழிப்பது போன்றது.

குறை வேறோர் இடத்தில் உள்ளது. பொதுப்பணியின் உயிர்நாடி அளவுப் புத்தகம். பணியிடத்தில் அதனை 'எம் புக்' என்றே சொல்வார்கள். செய்த வேலையின் நீளம், அகலம், உயரம் அதில் ஏறினால்தான் பட்டியல் எழுதலாம். பட்டியல் ஏறினால்தான் பணம். மதகு, தடுப்புச் சுவர், கரைக்கல் ஆகியவற்றை அளக்க இதைவிட நல்ல முறை இல்லை. நம் அணைகள் நிற்பதற்கு அப்புத்தகத்தின் கண்டிப்பும் ஒரு காரணம். ஆனால் மரத்தை அது எவ்வாறு அளக்கும்? குழி தோண்டியதை அளக்கும், எருவிட்டதை அளக்கும், கன்று நட்டதை எண்ணும். நட்ட மறுவாரம் அக்கன்று நின்றதா, வாடியதா என்பதற்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. கல் அமைத்த அன்றே முழுமை பெறும் பொருள். அன்றுதொட்டுத் தேயத் தொடங்குவது. மரமோ நட்ட அன்று ஒன்றுமே இல்லாத பொருள்; பத்தாண்டு கழித்தே அது மரம். ஒரே புத்தகத்தில் இரண்டையும் எழுதினால் வெல்வது கல்லே. ஆகவே பூங்கா மேம்பாடு என்னும் தலைப்பில் வரும் மதிப்பீடுகளில் நுழைவு வளைவும், அழகுக்கல் நடைபாதையும், செயற்கை நீரூற்றும், விளக்குத் தூண்களும் பக்கம் பக்கமாக நிற்க, மரமும் புல்லும் கடைசித் தாளில் ஒடுங்கிவிடுகின்றன. இதில் யாருடைய தீய எண்ணமும் வேண்டியதில்லை. அளக்கத் தெரிந்ததையே நாம் வாங்குகிறோம்.

பணியைச் செய்யும் காலமும் இதே வழியில் பிறழ்கிறது. நிதியாண்டு மார்ச்சு 31-இல் முடிகிறது. ஒப்புதல்கள் ஒவ்வொன்றாக வந்து, புள்ளி கோரி, உறை பிரித்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது பெரும்பாலும் தை பிறந்திருக்கும். பணம் திரும்பிப் போகாதிருக்க மாசி, பங்குனியில் வேலை விரையும். விருதுநகர் மாவட்டத்தில் பங்குனி வெயிலில் கன்று நடுபவரை ஊரார் என்னவென்று சொல்வார்கள் என்பதை இங்கு எழுத வேண்டியதில்லை. வைப்பாற்றுப் படுகைக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையே. புரட்டாசியில் குழி எடுத்து, முதல் மழை விழுந்ததும் நட்டால், மார்கழிக்குள் வேர் மண்ணைப் பிடித்துவிடும். அடுத்த கோடையை ஓரளவு நீரோடு தாங்கும். எழுத்தறியாத கிழவரும் அறிந்த இக்கணக்கு ஒப்பந்த ஆவணத்தில் ஏறுவதில்லை. பணி முடிக்க ஆறு திங்கள் என எழுதுவார்கள். எந்த ஆறு திங்கள் என எழுத மாட்டார்கள். பிளவக்கலில் கட்டுமானம் எப்பொழுது வேண்டுமானாலும் நடக்கட்டும். நடவு மட்டும் புரட்டாசிக்கும் கார்த்திகைக்கும் இடையில் என ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதக் காசு செலவில்லை.

அணைக்கரையில் பூங்கா அமைக்கும் வழக்கத்துக்கு ஒரு மூலப்படிவம் உண்டு. மைசூரை அடுத்த கிருட்டிணராச சாகர் அணையின் கீழ், திவான் மிர்சா இசுமாயில் காலத்தில் 1927-இல் தொடங்கி 1932-இல் முடிந்த பிருந்தாவனத் தோட்டமே அது. படிப்படியாக இறங்கும் அடுக்குகள், நீரூற்று, மாலை விளக்கு. பார்த்தவர் மயங்கினர், பின்வந்த அணைப் பூங்காக்களின் மனத்தில் அதுவே படிந்தது. மேட்டூரிலும் வைகையிலும் அணையை ஒட்டிப் பூங்கா எழுந்தது. வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. தென்மாவட்டத்தார் பள்ளிச் சுற்றுலா என்றால் முதலில் நினைப்பது இன்றும் அவ்வணைப் பூங்காவைத்தான். ஆனால் பிருந்தாவனத்தில் அரசரின் பொருளும், தோட்டக்கலை வல்லுநரான குரும்பீகலின் கையும், நாள்தோறும் புல் வெட்டும் ஆள்களும் இருந்தனர். படிவத்தை எடுத்துக்கொண்ட நாம் ஆள்களை விட்டுவிட்டோம். எஞ்சியது சிமிட்டிச் சிற்பம்: ஒட்டகச்சிவிங்கி, காளான் குடை, வாய் பிளந்த முதலை, ஒரு காது உடைந்த முயல்.

பிளவக்கலில் இப்படிவம் இருமடங்கு பொருந்தாதது. அணைக்குப் பின்னால் நிற்பது வெறும் மலை அன்று. திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம், 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51-ஆவது, தமிழகத்தில் ஐந்தாவது. அதன் முன்னோடியான சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988-ஆம் ஆண்டினது. செண்பகத்தோப்பில் மாமரத்துக்கும் புளியமரத்துக்கும் இடையே தரையில் இறங்காமலே தாவிச் செல்லும் அந்த அணிலைக் காண வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அதற்கு வேண்டியது கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரநிழல். தென்னந்தோப்புகளுக்குள் யானை இறங்கும் நிலம் இது. இங்கே மான் வடிவில் ஒரு சிமிட்டிப் பொம்மை வைப்பதும், அதனை இரவெல்லாம் வண்ண விளக்கால் ஒளியூட்டுவதும், உயிருள்ள மானை அச்சுறுத்திவிட்டு அதன் பொம்மையைப் பிள்ளைக்குக் காட்டுவதாகும். மருது, நாவல், இலுப்பை, புளி, மா, புன்னை என இம்மண்ணுக்குரிய மரங்களின் நிழல், அதனடியில் நடைபாதை, அமரக் கற்பலகை, குடிநீர், தூய்மையான கழிப்பிடம், பிள்ளைகள் விளையாட இடம் ஆகியவை போதும். இவற்றுக்குப் பத்துக் கோடி வேண்டுமா என்னும் ஐயம் நமக்கு உண்டு. வந்த தொகை முழுதையும் செலவிட்டே ஆகவேண்டும் என்பதும் ஒரு மூடநம்பிக்கையே.

தோட்டம் அமைப்பதை இவ்வட்டாரத்தார்க்கு வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. திருவில்லிபுத்தூரின் பெருமையே ஒரு நந்தவனத்தில் தொடங்குகிறது. பெரியாழ்வாரின் கைங்கரியம் பூந்தோட்டம் பேணி மாலை கட்டுவது. அத்தோட்டத்தின் துளசிச் செடியடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள் என்பது மரபு. அவர் தோட்டம் 'அமைத்தார்' என்பதோடு அடியார் உலகம் நிற்கவில்லை. நாள்தோறும் நீர் வார்த்தார், பூக் கொய்தார் என்பதையே போற்றியது. அரசு முத்திரையில் நிற்கும் கோபுரம் எங்கள் வடபத்திரசாயி கோயிலுடையது என்று இவ்வூரார் மார்தட்டிச் சொல்வார்கள். அக்கோபுரம் பொறித்த அரசாணைகளில், நீர் வார்ப்பவர் யார் என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு வரியும் ஒதுக்கப்படாதது முரணாகவே படுகிறது.

இதனைப் பத்தி நெகிழ்ச்சியாகக் கொள்ள வேண்டா. நம் முன்னோர் இதனை நிதிமுறையாகவே வகுத்திருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தவனம் பற்றிய கொடைகளைக் காண்போர் ஒன்றை உணர்வர். கோயிலுக்கு ஒருவர் பூந்தோட்டம் அமைத்துக் கொடுத்தால், தோட்டத்தோடு நிறுத்துவதில்லை. அதனைப் பேணும் ஆள்களின் உணவுக்கும் உடைக்குமாகத் தனியே விளைநிலம் விடுவார். திருநந்தவனப்புறம் என்பது அந்நிலத்தின் பெயர். ஏரியைப் பேணுவதற்காக விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். படைத்தலும் பேணலும் ஒரே ஆவணத்தில், ஒரே கல்லில், ஒரே நாளில் எழுதப்பட்டன. இன்றைய மொழியில் சொன்னால், மூலதனச் செலவையும் ஆண்டுச் செலவையும் அவர்கள் பிரிக்கவில்லை. நாம் பிரித்தோம். கட்டுவதற்கு ஒரு கணக்குத் தலைப்பு, காப்பதற்கு வேறொன்று. முன்னதில் கோடி விழும். பின்னதில் ஈரத்துணி பிழிந்தாற்போல் சொட்டும். திறப்பு விழாவுக்குப் பெருமக்கள் வருவார்கள். மூன்றாம் ஆண்டில் நீரேற்றும் மோட்டார் பழுதானால் அதனைத் திறந்துவைக்க யார் வருவார்?

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைக்காகப் புகழ்பெற்றவை. தேர்தல் முறையைப் பாராட்டும் பேச்சாளர்கள், எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்லாமலே இறங்கிவிடுவது வழக்கம். ஏரிக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்பனவற்றோடு தோட்டத்துக்கென்றே ஒரு வாரியம் இருந்தது. தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக்காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் நிற்க இயலாது. அவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய இந்த ஒரு விதியை இன்றைய ஒப்பந்தக்காரர் பதிவேட்டில் சேர்த்தால் எத்தனை பெயர்கள் எஞ்சும் என்பது சுவையான ஆராய்ச்சி. ஆனால் அப்பழமையை முழுதும் பொன்னென்று போற்றவும் நாம் ஒருப்படோம். உத்திரமேரூர்ச் சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய பார்ப்பன ஆடவர்க்கு உரியது. தோட்டத்தில் உண்மையில் மண்வெட்டி பிடித்தவர்க்கு அங்கே ஓலை இல்லை. வாரியம் என்னும் கருத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வாயிற்கதவை அகலத் திறப்போம்.

இனி, கையிலுள்ள கணக்குக்கு வருவோம். பத்துக் கோடியில் ஒன்பது கோடிக்குப் பணி நடக்கட்டும். ஒரு கோடியைப் பூங்காவின் பெயரில் வைப்புநிதியாக இடலாம். ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியென்று கொண்டால் 7 இலட்சம். திங்களுக்கு 58 ஆயிரம். தலைக்கு ஏறத்தாழ 14,500 ரூபாய் வீதம் நான்கு தோட்டப் பணியாளர்க்கு அது ஊதியமாகும். முதல் குறையாது. நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் நீரேற்றி, கழிப்பிடத் தூய்மை, உடைந்த ஊஞ்சல் ஆகியவற்றுக்குப் போகட்டும். விலைவாசி ஏறும், வட்டி இறங்கும், அதனால் ஒன்றரைக் கோடி வேண்டும் என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தை நாம் மகிழ்ந்து ஏற்போம். வாதம் அவ்விடத்துக்கு வந்துவிட்டாலே பாதி வெற்றி. இதுவே இக்காலத்துத் திருநந்தவனப்புறம்.

அரசுப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்கக் கருவூல விதிகள் இடம் தாரா என்று நிதித்துறை சொல்லும். செலவிடாத பணத்தை வெளிக்கணக்குகளில் ஒளித்துவைக்கும் தீய வழக்கத்தைத் தடுக்கவே அத்தடை வந்தது; அது நியாயமே. ஆனால் சட்டத்துக்கு உட்பட்ட வழி, அணைக்கு மேலே காட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-இல் சேர்ந்த 38எக்சு பிரிவின்படி, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமையவேண்டும். சுற்றுலா நுழைவுக் கட்டணம் முதலியன பொதுக் கருவூலத்தில் கரையாமல் அக்காப்பகத்துக்கும் அதனைச் சூழ்ந்த மக்களுக்குமே பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். புலிக்கு ஆகும் முறை பூங்காவுக்கு ஆகாதா?

ஒப்பந்தத்தை எழுதும் முறையிலும் சில மாற்றங்கள் வேண்டும். கட்டுமானத்தையும் நடவையும் ஒரே பொதியாகக் கட்டி ஒருவரிடம் கொடுத்தால், கல்வேலைக்காரர் நடவைத் துணை ஒப்பந்தத்தில் தள்ளிவிடுவார். தள்ளப்பட்டவர் நாற்றங்காலில் மலிந்து கிடப்பதை ஏற்றிவருவார். பணியைச் சில்லறையாகச் சிதைப்பதையும் நாம் கூறவில்லை. பெரும்பணியைத் துண்டுபோட்டு, குறைந்த நாள் அவகாசத்துக்குள்ளும் கீழ்மட்ட ஒப்புதலுக்குள்ளும் அடக்கிவிடும் தந்திரம் இந்நாட்டில் யாரும் அறியாததன்று. கட்டுமானம் ஒன்று, நடவும் ஐந்தாண்டுப் பேணலும் மற்றொன்று, இரண்டே ஒப்பந்தங்கள். இரண்டாவதில், நட்ட அன்று தொகையில் ஒரு பகுதியும், எஞ்சியது ஒவ்வோராண்டு முடிவிலும் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணியும் தரப்படட்டும். ஒன்றிய அரசின் நெடுஞ்சாலைத் துறை 2015-இல் வெளியிட்ட பசுமைச் சாலைக் கொள்கையே பிழைத்து நின்ற மரத்தைப் பொறுத்துப் பணம் என்னும் கருத்தை ஏற்றுக்கொண்டது. சாலையோரப் புழுதியில் ஆகுமென்று கருதியது அணைநீர் அருகில் ஆகாதென்று யாரும் சொல்ல முடியாது.

பேணுபவர் வெளியூர் நிறுவனமாகத்தான் இருக்கவேண்டுமா என்பதும் கேள்வி. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டெடுத்தபோது, கண்மாய்ப் பணிகள் ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடமே ஒப்படைக்கப்பட்டன. பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ அவர்கள் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அதில் நல்ல சங்கங்களும் உண்டு; ஒப்பந்தக்காரரே சங்கத்தின் முகமூடி அணிந்து வந்த இடங்களும் உண்டு என்னும் குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அப்பட்டறிவை மறவாமல், கான்சாபுரம், கூமாபட்டி மகளிர் குழுக்களுக்குப் பேணல் ஒப்பந்தத்தில் இடம் தருவது ஆராயத்தக்கது. காலையில் வீட்டிலிருந்து நடந்துவரக் கூடியவர் கையில் இருக்கும் தோட்டம் பிழைக்கும். நியூயார்க்கின் நடுவண் பூங்கா 1970-களில் பாழ்பட்டுக் கிடந்தது. 1980-இல் அமைந்த அறநிறுவனம் அதனை மீட்டது. பின்னர் பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தோட்டக்காரரின் பொறுப்பில் விட்டது. இந்த மூலையின் இந்த மரத்துக்கு இன்னார் பொறுப்பு என்பதே அங்கு வேலை செய்த மருந்து. அவ்வளவு தொலைவு போவானேன்? உதகையில் 1848-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இன்றும் நிற்பது, அங்கே தோட்டக்கலைத் துறைக்குப் பழகிய கைகள் தலைமுறையாக இருப்பதால்தான்.

ஒரு பூங்காவுக்கு நான்கு வாயில்கள் உள்ள இடம் பிளவக்கல். அணை நீர்வளத்துறையுடையது, மேலே காடு வனத்துறையுடையது, வருவோரை எண்ணுவது சுற்றுலாத் துறை, குப்பை அள்ளுவது ஊராட்சி. ஒவ்வொருவரும் மற்றவர் வாயிலைக் காட்டலாம். ஆகவேதான் ஒரு வாரியம் வேண்டும் என்கிறோம். நான்கு துறையினரும், அணைநீரை நம்பும் பாசன உழவரும், அவ்வூர்ப் பெண்களும், பள்ளி ஆசிரியர் ஒருவரும் அமரட்டும். மதிப்பீடு கோட்ட அலுவலகத்தை விட்டுப் புறப்படும் முன், அதன் தமிழ்ப்படி கிராமசபையில் படிக்கப்படட்டும். இப்பொழுது ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். மார்ச்சு 22 உலகத் தண்ணீர் நாளில் கூடுவதும் அவற்றுள் ஒன்று. அணைக்கரைப் பூங்காவின் திட்டத்தைப் படிக்க அதைவிட ஏற்ற நாள் எது? அன்று ஒரு கிழவி எழுந்து, "இத்தனை வெளக்கு வைக்கியளே, தண்ணி யாரு ஊத்துவா?" என்று கேட்டால், பொறியாளரிடம் விடை இருக்கவேண்டும்.

நகரங்களின் நிலையையும் ஒரு சொல்லில் சுட்டுவோம். 2011 கணக்கெடுப்பில் ஒன்றேகால் இலட்சத்தைக் கடந்த இராசபாளையம், ஒன்றிய அரசின் அம்ருத் திட்ட நகரங்களுள் ஒன்று. குடிநீரும் கழிவுநீரும் முதன்மையான அத்திட்டத்தில் பூங்காவுக்கும் சிறு பங்கு உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலம் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக வரவேண்டும் என்பது விதி. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் சட்டம் 1959-ஆம் ஆண்டே, இத்தகைய இடங்களைப் பட்டியலிடும் கடமையை உள்ளாட்சிகளுக்கு விதித்தது. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் நகராட்சிகள் தத்தம் பட்டியலை வார்டு வாரியாக நகராட்சி வாயிலில் ஒட்டிவைத்தால், எந்தெந்த இடம் இன்னும் பூங்கா, எந்தெந்த இடம் கார் நிறுத்தம் என்பதை மக்களே சரிபார்த்துக் கொள்வார்கள்.

கான்சாபுரம் தன் பெயரில் ஓர் ஆட்சியாளனைச் சுமக்கும் ஊர். மதுரையையும் நெல்லைச் சீமையையும் ஆண்டு 1764-இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபின் நினைவு இதுவென்பர். போர்களால் பேர்போன அம்மனிதன் கண்மாய்களைச் செப்பனிட்டதையும் இத்தென்சீமை மறக்கவில்லை. பிளவக்கல் பூங்காவிலும் நாளை ஒரு பலகை எழும். பணியின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர், தொடங்கிய நாள், முடிக்கும் நாள் என அதில் எழுதுவார்கள். அவற்றின் கீழே மூன்று வரிகளுக்கு இடம் விடுமாறு வைப்பாறு வடிநிலக் கோட்டத்தாரை வேண்டுகிறோம்: எத்தனை மரம் நட்டோம், இவ்வாண்டு தைத் திங்களில் எத்தனை நிற்கின்றன, நீர் வார்ப்பவர் பெயர் என்ன. இரண்டாவது வரியைச் சுண்ணக்கட்டியால் எழுதினால் போதும். ஆண்டுதோறும் அழித்து எழுதவேண்டி வரும்.